வாட்ச்மேன் ஸ்டூலைச் சுற்றி ஒரு வட்டம்

இந்தப் பெண்ணுக்குக் கையெழுத்து சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலைகீழாக நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நானூற்றுப் பத்து மீட்டர் என்று நான் சொன்னதை 'சுமார் நானூறு' என்று எழுதியிருந்தாள். இருபது வருடமாக நான் சுமார் என்ற சொல்லை வேலையில் பயன்படுத்தியதில்லை.

"குடுங்கம்மா, நானே எழுதித் தர்றேன்" என்றேன்.

விசாரணை அதிகாரிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஒரு கணம் யோசித்துவிட்டுத் தாள்களையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். தாளில் எழுதியதையும், எழுதும்போது மனதில் ஓடியதையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என் வேலை. பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் வரைபடப் பிரிவு என்று ஒன்று உண்டு. மூன்றாவது மாடி, நீளமான அறை, ஆறு கணினிகள், அவற்றில் நான்கு வேலை செய்யும். எந்தத் தொழிற்சாலையில் எந்த விஷம் எவ்வளவு இருக்கிறது என்பது எங்களிடம் இருக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி, தொட்டி உடைந்தால் வாயு எவ்வளவு தூரம் ஆளைக் கொல்லுமோ அவ்வளவு தூரத்துக்கு ஒரு சிவப்பு வளையம். வளையத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு சைரன் கம்பம் உண்டு, வருடம் ஒருமுறை பயிற்சி உண்டு, விபத்து நடந்தால் கைபேசிக்கு ஒரு செய்தி உண்டு. வளையத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கோடு ஒரு வீட்டின் குறுக்கே போனால் அந்த வீட்டை உள்ளே சேர்த்துக்கொள்வோம். அந்த அளவுக்கு மனசாட்சி உள்ள அலுவலகம்தான்.

அந்தச் செய்தியை எழுதியதும் நான்தான். 'குளோரின் கசிவு. தரையில் படுக்காதீர்கள். மேல் மாடிக்குப் போங்கள். ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள்.' குளோரின் காற்றைவிடக் கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போகும். பயந்துபோனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தரையோடு படுத்துவிடுவார்கள். யாராவது சொல்லித் தந்தாலொழிய, ஆபத்து வரும்போது மாடி ஏற வேண்டும் என்று மனிதர்களுக்குத் தானாகத் தோன்றாது. பயிற்சி வகுப்பில் நான் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சொல்வேன் என்று பெயர் உண்டு.

சாயத் தொழிற்சாலை ஒன்றில் குளோரின் தொட்டி இருந்தது. அதற்குக் கிழக்கே, மதிலைத் தாண்டி, நிலம் சரிந்து இறங்கும் இடத்தில் மரக்கடைத் தெரு. முப்பத்தெட்டு வீடுகள். எங்கள் வளையத்துக்கு வெளியே இருந்த தெரு.

அந்த வருடம் தொழிற்சாலையைச் சுற்றி ட்ரோன் விட்டுப் படம் எடுத்தார்கள். மேலிருந்து எடுத்த படம். ஒரு செருப்பைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். கூரைகளைச் சுற்றிக் கோடு போடுவது என் வேலை. மரக்கடைத் தெருவின் பதினேழாவது கூரைக்குக் கோடு போடும்போது அதன் வாசலில் என் கணவரின் வேன் நின்றுகொண்டிருந்தது.

என் கணவர் குளிர்சாதனப் பெட்டிகள் பழுது பார்ப்பவர். சொந்தமாக ஒரு வெள்ளை வேன். ஊரில் ஆயிரம் வெள்ளை வேன்கள் உண்டு. ஆனால் அவருடைய வண்டியின் கூரையில் ஒரு மூலை துருப்பிடித்து ஒழுகியபோது, பச்சைத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை வெட்டி, விளிம்பு தைத்துக் கொடுத்தவள் நான். ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக வெட்டிவிட்டேன். அந்த வண்டியை மேலிருந்து பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

படத்தின் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குப் போய் உடனே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, இன்னொரு செவ்வாய்க்கிழமை, சாப்பிடும்போது கேட்டேன்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் வேலை?"

"துறைமுகப் பக்கம்தான். ஒரே அலைச்சல்."

"மரக்கடைத் தெருப் பக்கமெல்லாம் போறதில்லையா?"

"அங்க யாரு ஃப்ரிட்ஜ் வச்சிருக்கா? பானைத் தண்ணியே ஜில்லுனு இருக்குதுன்னு சொல்ற ஆளுங்க" என்று சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஏன் கேக்கறே?" என்றார்.

"சும்மாதான்."

அவர் பொய் சொன்னால் இடது காது சிவக்கும். சிவந்திருந்தது. அல்லது அன்றைக்கு வெயில் அதிகம். இரண்டில் எது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாததால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் ஆதாரம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படுகிறவள் இல்லை.

இரண்டாவது முறை ட்ரோன் பறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை. அது தற்செயல் என்று அதிகாரி நம்பவில்லை. அவள் நம்பாதது சரிதான். பறக்கும் நாளைக் குறித்துக் கொடுப்பது எங்கள் பிரிவு. வேன் அங்கேயே நின்றது. இந்தத் தடவை கொடியில் துணி காய்ந்தது, பெண் துணிகள். வாசலில் ஒரு பெண் நின்று, ட்ரோன் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் முகம் என்பது ஆறேழு சதுரங்கள்தான். மாநிறச் சதுரம் நான்கு, கறுப்பு இரண்டு, நடுவில் ஒன்று வெளிறிப்போய். அந்த வெளிறிய சதுரம் பல் என்று நான் முடிவு செய்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பல மாதங்கள் அந்த ஏழு சதுரங்களோடு குடித்தனம் நடத்தினேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். உண்மை அதுதான். கணவரிடம் சண்டை போடவில்லை. கைபேசியை எடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் தெருவுக்குப் போகவில்லை. பேருந்தில் இருபது நிமிடம்தான். போனால் கதவைத் தட்ட வேண்டும், திறப்பவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் பார்ப்பது எனக்கு வசதியாக இருந்தது. படத்தில் இருப்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் நில அளவையாளர் வந்தார். அலுவலகத்தில் அவரைக் குடைக்காரர் என்போம். மழையோ வெயிலோ, குடை இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். அன்றைக்கு நாற்காலியைக்கூட இழுக்காமல் என் மேசை மேலேயே சாய்ந்துகொண்டு சொன்னார்.

"மேடம், ஒரு கூத்து கேளுங்க. பன்னெண்டு வருஷமா நாம டேங்க்னு நெனச்சுக்கிட்டு வாட்ச்மேன் ஸ்டூலைச் சுத்தி வட்டம் போட்டுட்டு இருந்திருக்கோம்."

"என்ன சொல்றீங்க?"

"அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களை உள்ள விடலை. கேட்லயே நின்னு புள்ளி எடுத்துட்டு வந்துட்டாங்க. இப்ப புது மேனேஜர். உள்ள கூட்டிட்டுப் போனாரு, டீ கூடக் குடுத்தாரு. டேங்க் கிழக்கு மதிலை ஒட்டி இருக்கு. கேட்லேருந்து நானூத்திப் பத்து மீட்டர். நடந்தே அளந்தேன். காலு ரெண்டும் என்னுதான்னு சந்தேகமா இருக்கு."

"குடுங்க. போட்டுடறேன்."

"மறந்துடாதீங்க மேடம். இல்லேன்னா அந்த வாட்ச்மேனுக்குத்தான் மெசேஜ் மேல மெசேஜா போகும். பாவம், அந்த ஆளு பயத்துலயே போய்ச் சேந்துடுவாரு."

எங்கள் துறையில் எல்லோரும் செய்கிற தவறு இது. படிவத்தில் 'தொழிற்சாலையின் இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இடம் என்றால் வாசல்தானே. வாசலில் விஷம் இருப்பதில்லை என்று யாரும் யோசிப்பதில்லை. அந்தத் தவறை நான் செய்யவில்லை. எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர் செய்தது. இதை அதிகாரியிடம் அழுத்திச் சொன்னேன்.

பிற்பகல் இரண்டு பத்துக்குப் புதிய புள்ளியைப் போட்டேன். வளையம் கிழக்கே நகர்ந்தது. திரையில் அது நகர்வதைப் பார்க்க அழகாக இருக்கும், நிலா நகர்வதைப் போல. மரக்கடைத் தெரு முழுவதும் உள்ளே வந்தது. முப்பத்தெட்டு கூரைகளும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பதினேழாவதும் சிவந்தது. சேமித்தேன்.

பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி அந்த வீட்டுக்கு நம் ஆட்கள் போவார்கள் என்று நினைத்தேன். கதவைத் தட்டிக் குடும்பத்தில் எத்தனை பேர், கைபேசி எண் என்ன என்று கேட்பார்கள். அவள் பெயர் ஒரு பட்டியலில் வரும். பட்டியல் என் மேசைக்கு வரும். பயிற்சிக்கு அவள் வருவாள். முன்வரிசையில் உட்கார்ந்து, மேல் மாடிக்குப் போங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவாள். என் கணவருடைய சட்டையைத் துவைத்த கையோடு என் பயிற்சிக் கையேட்டை வாங்கிக்கொள்வாள். அவள் உயிரை நான் காப்பாற்ற வேண்டும். என் சம்பளத்தில் அதுவும் அடக்கம்.

எல்லாவற்றையும் அமைதியாகத்தான் யோசித்தேன். நடைமுறைக் காரணங்களும் இருந்தன. வளையத்தை மாற்றினால் புதிய சைரன் கம்பம் வேண்டும், புதிய கணக்கெடுப்பு வேண்டும். ஆண்டு வரைபடம் அந்த வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். தொட்டி உடையும் வாய்ப்பு எவ்வளவு என்ற கட்டத்தில் 'மிகக் குறைவு' என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். மிகக் குறைவானது நடக்காது என்று நினைப்பது குற்றமா?

நாலு ஐம்பதுக்குப் புள்ளியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தேன். கூரைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. சேமித்தேன். 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் குடைக்காரர் படிக்கட்டில் பார்த்து, "புள்ளி போட்டாச்சா மேடம்?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். அதுவும் பொய்யில்லை. போட்டேன்தானே.

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஏழு மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன். வீட்டில் கணவரோடு முன்பைவிட இதமாக நடந்துகொண்டேன். "என்னம்மா, இப்பல்லாம் ரொம்ப நல்லவளா ஆயிட்டே" என்று அவரே கிண்டல் செய்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லாரியிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது குழாய் இணைப்பு விட்டுப்போனது. மேற்கிலிருந்து காற்று. பத்து இருபத்து நாலுக்கு அலுவலகத்திலிருந்து செய்தி போனது; அலுவலர் என்பதால் என் கைபேசிக்கும் வந்தது. கூடத்தில் கணவர் பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தார். நான் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். அவர் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது. அதை அவர் தேடவில்லை.

"எவ்ளோ தூரம் வரும் அது?"

"வளையத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு மெசேஜ் போயிருக்கும். போகலேன்னா பயமில்லே."

அவர் தன் கைபேசியை எடுத்தார். ஒரு எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அழுத்தாமல், என்னைப் பார்த்தார்.

"மரக்கடைத் தெரு?"

அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. இத்தனை மாதங்கள் நான் காத்திருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. அதைச் சந்தோஷம் என்று சொல்லலாம். வேறு சொல் என்னிடம் இல்லை.

"அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"யாருமில்ல. ஒரு கஸ்டமர்."

"பானைத் தண்ணி குடிக்கறவங்களுக்கா?"

"நீ சொல்லும்மா. அது உள்ள வருதா, வெளியவா?" என்றார்.

அந்த நேரத்தில் வாயு மதிலைத் தாண்டிச் சரிவில் இறங்கத் தொடங்கியிருக்கும். எனக்குத் தெரியும். அந்த ஊரில் என்னைவிட நன்றாக அது தெரிந்த ஆள் வேறு இல்லை.

"வெளியதான். வரைபடத்துல பாருங்க" என்று கைபேசியில் காட்டினேன்.

அவர் பார்த்தார். பதினெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவர். என் வேலையை ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விழுந்த திருகாணியைத் தேட ஆரம்பித்தார். நானும் குனிந்து தேடிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து அவர் கைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு குழந்தையின் குரல், எனக்கே கேட்டது. "மாமா, அம்மா கீழ படுத்திருக்காங்க, எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க." அவர் செருப்பில்லாமல் ஓடினார்.

எனக்கு ஒரு நாத்தனார் உண்டு. இதை இதுவரை சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால், வீட்டில் நாலு விருந்தாளிகள் இருக்கும்போது, "எங்கண்ணி கம்ப்யூட்டர்ல ஊரையே பாத்துடுவாங்க. எதுக்க நிக்கற ஆளைத்தான் தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். இவள் இனி இந்த வாசல் மிதித்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் மிதிக்கவில்லை. அவள் வேறு ஊரில் இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். புருஷன் விட்டுப் போன பிறகு பெண் குழந்தையோடு இங்கே வந்ததும், செவ்வாய்க்கிழமைகளில் அண்ணன் போய்ப் பார்த்ததும் எனக்குத் தெரியாது. ஆக, அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் நினைத்ததில் தவறில்லை. என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்ததிலும் தவறில்லை. இரண்டும் சரியாகவே இருந்தன.

மரக்கடைத் தெருவில் பதினொரு பேர் இறந்தார்கள். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்தவர்கள். என் நாத்தனாரும் அப்படித்தான். குழந்தை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்ததால் பிழைத்தது. வாட்ச்மேனுக்குச் செய்தி போயிருக்கிறது. அவர் மாடியேறி, ஈரத்துணியோடு நின்று, நன்றாக இருக்கிறார்.

மருத்துவமனை வராந்தாவில் என் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உனக்குத் தெரியுமா?" எது என்று அவர் சொல்லவில்லை. தங்கை என்பதா, தொட்டி என்பதா? எதைக் கேட்கிறார் என்று தெளிவாகாததால் நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் குழந்தையோடு வேறு இடத்தில் இருக்கிறார்.

எங்கள் இயக்குநர் எனக்கு ஒரு வழி காட்டினார். "பழைய புள்ளி தவறுதலா தங்கிடுச்சுன்னு எழுதிடுங்கம்மா. மென்பொருள் கோளாறு. எல்லாருக்கும் நல்லது." மென்பொருள் அப்படிச் செய்யாது என்றேன். யார், எந்த நிமிடம், எந்தப் புள்ளியை நகர்த்தினார்கள் என்று அது எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பத்து, நாலு ஐம்பது. விசாரணை அதிகாரியின் கோப்பில் அந்தத் தாள் ஏற்கெனவே இருந்தது.

"இந்த ரெண்டு மணி நாப்பது நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று அவள் கேட்டபோது, யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அதையே எழுதினேன். தொட்டி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். காற்று எங்கே போகும், நிலம் எங்கே சரிகிறது, அந்த வீடுகளில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள், எப்படிச் சாவார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தேதான் புள்ளியை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கேட்டபோதும் தெரிந்தேதான் சொன்னேன். முப்பத்தேழு வீட்டுக்காரர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதையும் எழுதினேன். அது முக்கியம் என்று பட்டது. ஒரு வீட்டை மட்டும் வெளியே விட்டு வளையம் போட முடியாது. வளையம் என்றால் அப்படித்தான்.

எழுதி முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் மெதுவாக வாசித்தாள். நடுவில் ஒரு தடவை எழுந்து ஜன்னல் அருகில் போய் நின்றுவிட்டு வந்தாள். பிறகு வழக்குக்காக அச்சடித்த பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

"டேங்க் எங்க இருந்துச்சுன்னு இதுல குறிங்க."

குறித்தேன். ஆறு தசம இலக்கத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் எழுதினேன். எந்தக் குறிப்பையும் பார்க்காமலே.

"உங்க நாத்தனார் வீட்டையும் குறிச்சுடுங்க. அதோட முடிஞ்சுது."

பதினேழாவது கூரை என் விரலுக்கு நேர் கீழே இருந்தது. பேனாவை மூடி அவள் பக்கம் வைத்தேன்.

"வேணாம்மா. அது குடும்ப விஷயம்" என்றேன். "ஆபீஸ் மேப்புல குடும்பத்தைக் கொண்டு வர்றது எனக்குப் பழக்கமில்ல."